பிஷாராவின் குடுக்கை

தானா என்ற அந்த ஆற்றுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. ஹபோனா கல்யாணமாகி வந்த புதிதில் வாசலை ஒட்டி ஓடியது. மூத்தவள் பிறந்த வருஷம் தடம் மாறி, பாதி வாழைத்தோட்டத்தை அக்கரையில் விட்டுவிட்டுப் போனது. அவள் திட்டவில்லை. ஓடத்தில் போய்க் குலை வெட்டினாள். மேலே அணை வந்தபின் விதைப்புக்கான வெள்ளம் நேரத்துக்கு வராததையும் பொறுத்துக்கொண்டாள். தோழி பிஷாரா வராததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

கோடையில் மாடு மேய்க்கும் ஓர்மாக்காரர்கள் மாடுகளை ஆற்றுக்கு ஓட்டிவருவார்கள். கூடவே பிஷாரா குடுக்கை நிறையப் பாலோடு வருவாள். அதே குடுக்கையில் ஹபோனா சோளம் நிரப்பிக் கொடுப்பாள். வெறும் குடுக்கையைத் திருப்பினால் உறவு முறிந்தது என்று அர்த்தம். பயிரை மாடு மேய்ந்ததென்று ஆண்கள் கம்பெடுத்த வருஷங்களில்கூட அந்தக் குடுக்கை வெறுமையாகப் போனதில்லை.

மூன்று கோடையாக அவளைக் காணோம். கடைசியாக வந்தபோது அறுவடைக்கு முன்பே அவள் கிளம்பிவிட்டதால் குடுக்கை ஹபோனாவிடமே தங்கிவிட்டது. அதில் நிரப்பிய சோளத்தை வண்டு விழுமுன் மாற்றிவைப்பாள். வயலில் மாட்டு வழியை விதைக்காமல் விட்டிருந்தாள்.

"வராத மாட்டுக்கு வழி விட்டிருக்க. நம்ம வயித்துக்கு வழி?" என்பான் புருஷன் கொமோரா.

"வருவா."

இந்தக் கோடையில் மணிச்சத்தம் கேட்டதும் ஓடினாள். எலும்பும் தோலுமாகப் பத்துப் பன்னிரண்டு மாடுகள். ஓட்டிவந்தவள் பிஷாராவின் நாத்தனார்.

"அவ வரலியா?"

"அவ மாடெல்லாம் பஞ்சத்துல போச்சுக்கா. மலிந்தி டவுனுல மகன் வீட்டுல இருக்கா. எந்நேரமும் உங்க பேச்சுதான். கூப்பிட்டேன். பால் இல்லாம எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவ வாசல்ல நிக்கறதுன்னு அழுதா."

 ஹபோனாவுக்கு அழுகையைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. உள்ளே போய்க் குடுக்கையை எடுத்துவந்தாள். நாத்தனாரின் கண்ணெதிரே சோளத்தை முறத்தில் கொட்டினாள், கடைசி மணி விழும்வரை தட்டினாள். பிறகு நீட்டினாள்.

நாத்தனார் கையை இழுத்துக்கொண்டாள். "என்னக்கா, முறிச்சுக்கறீங்களா?"

"அவகிட்டக் குடு. மொறைய மீறி மொதல்ல நானே வெறுமையா அனுப்பிட்டேன், இனிமே அவ வெறுங்கையோட வரலாம்னு சொல்லு. மூணு வருஷமா நான் பாலுக்கா காத்துக்கிட்டிருந்தேன்?"

நாத்தனார் குடுக்கையை மேல்துணியில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த விதைப்பில் கொமோரா மண்வெட்டியோடு மாட்டு வழிவரைக்கும் கொத்திக்கொண்டு வந்தான். கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அதைத் தாண்டிப் போய் அந்தப் பக்கத்திலிருந்து கொத்தத் தொடங்கினான்.