எட்டாம் நம்பர் பூட்ஸ்

நவம்பரில் வெனிஸ் போனால் கடல் ஏறித் தெருவெல்லாம் தண்ணீர் நிற்கும், முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் இல்லாமல் போகாதீர்கள் என்று டிராவல்ஸில் சொன்னார்கள். இரண்டு நாளைக்காக அதை யார் வாங்குவது? துபாய் ஜெபல் அலியில் எங்கள் சைட் ஸ்டோரிலேயே குவிந்து கிடக்கிறதே என்று ஸ்டோர் கீப்பர் சேதுபதியிடம் போனேன். பரமக்குடிக்காரர். மேனேஜரே கேட்டாலும் கையெழுத்து வாங்காமல் ஒரு கையுறை தரமாட்டார்.

"போட்டுக் காட்டுங்க சார்."

போட்டேன்.

"இப்ப கை படாம உதறிக் கழட்டுங்க."

மனைவி ஜலஜா காரில் காத்திருந்தாள். எனக்கு எரிச்சல் வந்தது.

"என்னய்யா விளையாட்டு இது?"

"ஜனவரி மழையில விஜயபாஸ்கர் பம்ப் போடக் குழியில இறங்குனான்ல? அவன் காலுக்கு ஒன்பதாம் நம்பர் சார். ஸ்டாக்குல எட்டுதான் இருந்துச்சு. எப்படியாச்சும் திணிச்சுக்கடான்னு நான்தான் குடுத்தேன். மண்ணு சரிஞ்சு தண்ணி பூட்ஸுக்குள்ள ரொம்பிருச்சு. சேறு புடிச்சுக்கிச்சு. கழட்ட முடியல."

அந்த மரணத்துக்கு ரிப்போர்ட் எழுதிய சேஃப்டி இன்ஜினியர் நான்தான். தொழிலாளியின் கவனக்குறைவு என்று முடித்திருந்தேன். பூட்ஸ் அளவை நான் கேட்கவே இல்லை.

மேல்தட்டிலிருந்து ஒரு ஜோடியை எடுத்தார் சேதுபதி. உள்ளே எட்டு என்று பெயின்டில் எழுதியிருந்தது.

"தினமும் கவுத்து வைக்கிறேன். ஈரம் காயவே மாட்டேங்குது. தொட்டுப் பாருங்க."

கையை விட்டேன். ஒரு கோடை முழுக்கக் கிடந்து சருகாய்க் காய்ந்திருந்தது.

"ஆமா," என்றேன். "ஈரமாத்தான் இருக்கு."