மேலே ஒரு டப்பா, கீழே ஒரு டப்பா

என் முகத்தை நான் தெரியாமல் கெடுத்துக்கொண்டேனா, தெரிந்தே கெடுத்துக்கொண்டேனா என்று இன்றுவரை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முகம் என்னுடையதுதான். ஆனால் அந்த மாசி மாதம் அது என் மகளின் பரீட்சைக்கு வேண்டியிருந்த முகம்.

கச்சிராயபாளையத்துக்கும் வெள்ளிமலைக்கும் நடுவே ஓடும் பஸ்ஸில் நான் கண்டக்டர். ஒரு நாளைக்கு மூன்று முறை மலை ஏறி மூன்று முறை இறங்குவேன். மகள் கள்ளக்குறிச்சியில் பியூட்டிஷியன் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். நர்சிங்கில் சேர்ப்பதற்காக நான் அலைந்து விண்ணப்பம் வாங்கி பீரோவில் வைத்திருக்க, அவள் போய் இதில் சேர்ந்துவிட்டாள்.

"முகத்தைத் தேய்க்கிறதுக்கெல்லாம் ஒரு படிப்பா?" என்று கேட்டேன். அவளும் பதில் சொல்லவில்லை, அவள் அம்மாவும் சொல்லவில்லை. அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து வாயை மூடிக்கொண்டால் எங்கள் வீட்டில் என் பேச்சு எடுபடவில்லை என்று பொருள். நானும் லேசில் விடுகிற ஆள் இல்லை. செய்முறைப் பரீட்சையில் ஒரே தடவையில் தேற வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருஷம் நர்சிங் என்று சொல்லிவிட்டேன். சரி என்றாள்.

அந்தப் பரீட்சைக்கு இரண்டு முகம் வேண்டுமாம், ஒரு பெண் முகம், ஒரு ஆண் முகம். இரண்டு மாதம் அவற்றைப் பராமரித்து, பனியிலும் வெயிலிலும் என்ன மாற்றினோம் என்று நோட்டில் எழுதி, கடைசியில் ஆளையும் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைக்க வேண்டும். பெண் முகத்துக்கு அம்மா இருந்தாள். ஆண் முகத்துக்கு யாரைக் கேட்பாள்? எங்கள் ஊரில் வயசுப் பெண் ஒருத்தி ஒருவனிடம் போய், கொஞ்சம் உன் முகத்தைக் கொடு என்று கேட்டுவிட்டு மறுநாள் தெருவில் நடக்க முடியுமா? வேறு வழியில்லாமல் நான் அகப்பட்டேன்.

தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்த கையோடு, நோட்டும் பேனாவுமாக என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் வெயில்ல இருப்ப? எங்கெங்க போவ? சொல்லு, எழுதிக்கிறேன்."

"பஸ்ல போறேன், பஸ்ல வரேன். இதுல எழுதறதுக்கு இன்னா இருக்குது?" என்றேன்.

அவள் நோட்டை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

பிறகு அவளாகவே ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள். பனிக்கு வெள்ளை டப்பா, உள்ளே கெட்டியான கிரீம். வெயிலுக்குப் பச்சை டப்பா, உள்ளே வழவழவென்று ஜெல். பனி போய் வெயில் வரும்போது, மணல் மணலாக இருக்கிற ஒரு பசையைப் போட்டு முகத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டு, வெள்ளையிலிருந்து பச்சைக்கு மாற வேண்டும். சீட்டில் இருந்தது இவ்வளவுதான். தை முழுக்க வெள்ளை டப்பாவோடு ஒழுங்காக இருந்தேன். முகம்கூடக் கொஞ்சம் தெளிந்திருந்தது என்று வீட்டில் சொன்னார்கள்.

மாசி பாதியில், "வெயில் வந்துருச்சுப்பா, இனிமே மாத்திக்க" என்று சொல்லி அந்தப் பசை டியூபைக் கையில் கொடுத்தாள். அந்த வாரம் பார்த்து எனக்கு மலையிலேயே தங்கல். காலையில் வெள்ளிமலையில் கண் விழித்தால் பல் கிட்டியது. டீக்கடையில் எல்லாரும் துண்டைக் காதோடு சுற்றிக்கொண்டு நின்றார்கள். முதல் ட்ரிப் இறங்கி கோமுகி அணையைத் தாண்டும்போதே சட்டை முதுகில் ஒட்டியது. மறுபடி ஏறினால் மறுபடி குளிர்காற்று. பனி போய்விட்டதா, வெயில் வந்துவிட்டதா? மற்றவர்களுக்கு வருஷத்தில் ஒரு முறை வருவது எனக்கு ஒரே நாளில் மூன்று முறை வந்தது.

நான் சீட்டின்படி நடந்தேன். மேலே போனதும் வெள்ளை டப்பா. கீழே வந்ததும் பஸ் ஸ்டாண்டு குழாயடியில் பசையைப் போட்டுப் பரபரவென்று தேய்த்துக் கழுவி, பச்சை டப்பா. மூன்றும் டிக்கெட் மிஷினோடு தோள்பையிலேயே கிடந்தன. "இன்னாண்ணே, பொண்ணு பாக்கப் போறியா?" என்றான் டிரைவர். "மூடிக்கினு வண்டிய எடு" என்றேன்.

மூன்றாம் நாள் எரிய ஆரம்பித்தது. நான்காம் நாள் கன்னத்தில் செதில் செதிலாக உரிந்தது. தினமும் பஸ்ஸில் வரும் மலைக்காரம்மா ஒருத்தி, "இன்னா கண்டக்டரே, பாம்பு சட்ட உரிக்கிறாப்ல உரியுது" என்றாள். அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். மகளுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். நான் செய்யவில்லை. சீட்டில் எழுதியிருக்கிறது, செய்கிறேன் என்று இருந்தேன். அந்த வாரம் ஒரு தடவை, பீரோவில் இருக்கும் நர்சிங் விண்ணப்பமும் நினைவுக்கு வந்தது. அதை மறைக்க மாட்டேன்.

சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை பரீட்சை. கதவைத் திறந்த மகள் என் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். நடந்ததைச் சொன்னேன்.

"எரியும்போது நிறுத்தியிருக்கலாம்ல?"

"சீட்டுல..."

"வேணும்னே பண்ணியாப்பா?"

தோள்பையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். இல்லை என்று பட்டென்று சொல்ல வேண்டிய கேள்வி அது. "பெத்த பொண்ணு பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே" என்று உள்ளேயிருந்து என் மனைவி சொன்னாள். மகள் கத்தாழையைக் கீறி, ஈரத்துணியில் வைத்து, மூன்று நாளும் என் முகத்தில் ஒற்றினாள். அவள் கை படும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது.

பரீட்சையில் என்னை ஒரு சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, கழுத்தில் துண்டைப் போட்டாள். பரீட்சை வாங்க வந்த மேடம் அம்மா என் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு நோட்டின் கடைசிப் பக்கத்தைச் சத்தமாகப் படித்தார்.

"தவறு என்னுடையது. இவர் எங்கெங்கே போய் வருகிறார் என்று கேட்காமல் சீட்டு எழுதிவிட்டேன்."

நோட்டை இறக்கிவிட்டு, "கேக்காம எப்படிம்மா எழுதுன? இதானே மொதப் பாடம்?" என்றார்.

"தப்புதாங்க மேடம்" என்றாள் மகள். குனிந்த தலை நிமிரவில்லை.

நான் துண்டோடு எழுந்துவிட்டேன். "மேடம், அவ கேட்டா. நோட்டோட எதிர்ல வந்து குந்திக்கினு கேட்டா. நாந்தான் சொல்லல."

"ஏன் சொல்லல?"

"இந்தப் படிப்பு எனக்குப் புடிக்கல."

பக்கத்து நாற்காலிகளில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நோட்டை மகளிடம் நீட்டினார். "இப்ப கேளு. பத்து நிமிஷத்துல புதுசா எழுதிக் குடு."

மகள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். "எவ்ளோ நேரம் வெயில்ல இருப்ப? எங்கெங்க போவ?" அதே கேள்வி. படிக்கட்டில் நிற்கும்போது முகத்தில் அறையும் காற்றைச் சொன்னேன். வளைவுகளில் எந்தப் பக்கம் வெயில் விழும், மேலே எந்த இடத்தில் குளிர் பிடிக்கும், கீழே எங்கே வேர்க்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். இத்தனை வருஷத்தில் இதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை என்று பாதியில்தான் உறைத்தது. அவள் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டே இருந்தாள்.

தேறிவிட்டாள். இப்போது எனக்கு மேலேயும் கீழேயும் ஒரே டப்பாதான், பசை கிடையாது. நர்சிங் விண்ணப்பத்தை யார் எடுத்து எறிந்தார்கள் என்று தெரியவில்லை, நானும் கேட்கவில்லை. வேணும்னே பண்ணியா என்று அவளும் மறுபடி கேட்கவில்லை. கேட்டால் தெரியலம்மா என்றுதான் சொல்வேன்.