ஏழு பேர், நாலு கோட்டு, நாலு பொப்பி

நேற்று குட்மேய்ஸ் சூப்பர்மார்க்கெட் வாசலில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை கடதாசிப் பொப்பிப் பூத் தட்டோடு நின்றாள். நான் வெண்டிக்காயும் பாலும் வாங்கப் போனவன். ஒரு பூவை எடுத்து என் கையில் தந்தாள். நான் அதைத் திருப்பித் திருப்பி ஊசியைத் தேடினேன். இது ஊசி இல்லாத பூ, ஸ்டிக்கர் மாதிரி ஒட்டினால் சரி, சில்லறையும் தேவையில்லை, கார்டைத் தட்டினால் போதும் என்று அவள் விளங்கப்படுத்தினாள். ஊசி இல்லாத பொப்பியா? எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. பூவைத் திருப்பிக் கொடுத்து, யோசித்துவிட்டு வருகிறேன் என்றேன். ஏதோ வீடு வாங்கப் போகிறவன் மாதிரி!

உள்ளே எனக்கு முன்னால் ஒரு மனிதர் மழையில் நனைந்த கம்பளிக் கோட்டோடு போனார். நனைந்த கோட்டின் மணம் உங்களுக்குத் தெரியும்தானே. பாதி ஆட்டுக்குட்டி, பாதி பழைய அலுமாரி. எனக்கு அது மூக்கில் பட்டால் போதும், வெண்டிக்காய், பால் எல்லாம் மறந்துபோகும். நேரே அந்த வீட்டு நடைக்குள் போய் நிற்பேன்.

அந்த வீடு இதே குட்மேய்ஸில், இங்கிருந்து நாலு தெரு தள்ளி. மூன்று அறை. நாங்கள் ஏழு பேர். வீட்டுக்காரர் எங்கள் ஊர் ஆள்தான். நாலு பேருக்குத்தான் அனுமதி, நகரசபைக் கவுன்சிலுக்குத் தெரிந்தால் எல்லாரையும் வீட்டை விட்டு எழுப்பிவிடுவார்கள், பக்கத்து வீட்டு மனுசி ஏற்கெனவே ஒருதரம் முறைப்பாடு கொடுத்தவர் என்று திறப்பைத் தரும்போதே எங்களைக் கலங்கடித்துவிட்டார். பக்கத்து வீட்டில் இருந்தவர் மிசிஸ் பார்லோ. எழுபது வயசிருக்கும், தனி ஆள். நாங்கள் வைத்த பெயர் கவுன்சில் மாமி.

அந்தப் பயத்தில் நாங்கள் செய்த ஏற்பாட்டை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். நாலு கறுப்புக் கோட்டு வாங்கினோம். ஒரே அளவு, ஒரே கடை. ஆர் வெளியே போனாலும் அதில் ஒன்றைப் போட்டுத்தான் போகவேண்டும். ஒருவன் ஷிப்ட் முடிந்து வந்து கோட்டைக் கழற்ற, அடுத்தவன் அதே சூட்டோடு மாட்டிக்கொண்டு போவான். யன்னலால் பார்க்கிற மாமிக்கு நாலு கோட்டுக்காரர்தான் தெரியும் என்பது எங்கள் கணக்கு. முகம்? வெள்ளைக்காரருக்கு நாங்கள் எல்லாரும் ஒரே முகம்தான் என்று துணிந்துவிட்டோம். ஒருவன் ஆறடி, நான் ஐந்தடி மூன்றங்குலம். அதை ஒருத்தரும் யோசிக்கவில்லை.

இந்த ஏழு பேரில் இரண்டு பேரை நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். ஒருவர் அன்ரன் அண்ணை, மன்னார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாட்டுக்காரர், மற்ற நாளில் பேக்கரியில் மாவுக்காரர். சாவு சம்பந்தமான எந்த விசயத்திலும் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். மற்றவர் சிவம் அண்ணை. ஜெர்மனியில் ஏழு வருசம் இருந்துவிட்டு வந்தவர். அதிகம் கதைக்கமாட்டார், கதைத்தால் பாதி வசனத்தில் ஜெர்மன் வந்துவிடும்.

எங்கள் முதல் நவம்பர் அது. ஒருநாள் காலை அன்ரன் அண்ணை மேல்மாடி யன்னலால் பார்த்துவிட்டு மெல்லிய குரலில் எல்லாரையும் கூப்பிட்டார். கவுன்சில் மாமி வாசலில் நிற்கிறார். நெஞ்சில் சிவப்பும் கறுப்புமாய் ஏதோ குத்தியிருக்கிறார். யன்னல் சீலை பாதி மூடிக் கிடக்கிறது. இரண்டு கிழவிகள் வந்து பெட்டி பெட்டியாய் இறக்குகிறார்கள், அவர்கள் நெஞ்சிலும் அதே.

"செத்தவீடு," என்றார் அன்ரன் அண்ணை. "நெஞ்சிலை கறுப்புக் குத்தியிருக்கினம், பாக்கத் தெரியேல்லையே?"

எங்கள் பக்கத்தில் செத்தவீட்டுக்காரர் கறுப்புத் துண்டு குத்துவார்கள், உங்களுக்குத் தெரியும். நான் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டேன். பஸ் ட்ரைவரும் இதைத்தான் குத்தியிருந்தார், ஸ்டேசனில் டிக்கட் பார்க்கிறவரும்தான் என்றேன். அன்ரன் அண்ணை கொஞ்சம் யோசித்தார். பெரிய குடும்பம் போல என்றார். அந்த வீட்டில் அதற்குமேல் ஆராய்ச்சி நடக்கவில்லை.

செத்தவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், அயல்தான் சமைத்துக் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் நாங்கள் என்ன மனிசர்? அதோடு மாமியின் மனம் இளகினால் கவுன்சில் பயமும் தீரும். ஏழு பேரும் குசினிக்குள் இறங்கினோம். மச்சம் மாமிசம் இல்லாமல் சோறு, பருப்பு, பூசணிக்காய், கத்தரிக்காய்ப் பால்கறி. அலுமினியச் சட்டியில் போட்டு மூடி, துணியால் கட்டினோம். ஆர் கொண்டுபோவது என்று வந்தபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் இங்கிலீஸ் திறம் என்று ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை நான்தான் கிளப்பிவிட்டது, அதனால் மறுக்கவும் முடியவில்லை.

கோட்டைப் போட்டுக்கொண்டு போய் மணி அடித்தேன். மாமி கதவைத் திறந்தார். வழி முழுக்கப் பாடமாக்கிய வசனத்தைச் சொன்னேன்: உங்கள் இழப்புக்கு நாங்கள் மிகவும் வருந்துகிறோம். மாமி என்னைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், பிறகு எந்த இழப்பு என்று கேட்டார். நான் அவர் நெஞ்சைக் காட்டினேன். வெள்ளைக்காரக் கிழவியின் நெஞ்சை நோக்கி விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறேன், நினைத்துப் பாருங்கள். நல்லகாலம், மாமி சிரித்தார். யுத்தத்தில் செத்த சிப்பாய்களை நினைத்துக் குத்துகிற பூ அது, தான் வருசா வருசம் ஸ்டேசன் வாசலில் நின்று அதற்குக் காசு சேர்ப்பவர், பெட்டிகளில் இருப்பது முழுக்கப் பூ என்றார். என்றாலும் சட்டியை விடவில்லை. மூடியைத் திறந்து மணந்து பார்த்து, உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

வந்தவர் கை நிறையப் பூவோடு வந்தார். "உங்கள் வீட்டில் நாலு பேர்தானே?" என்று கேட்டார். ஓம், நாலு பேர்தான் என்றேன். நாலு பொப்பியும் நாலு ஊசியும் எண்ணித் தந்தார்.

நாலு கோட்டு, நாலு பொப்பி. கடவுளே கணக்குப் பார்த்துத் தந்தது என்று அன்ரன் அண்ணை தானே எல்லாக் கோட்டிலும் குத்திவிட்டார். இனி மாமி பார்க்கிறபோது ஒவ்வொரு கோட்டிலும் பூ இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அவமரியாதை, அவமரியாதை என்றால் கவுன்சில், கவுன்சில் என்றால் தெரு.

அடுத்த நாள் சிவம் அண்ணையின் முறை. கோட்டை எடுத்தார், பூவைக் கழற்றிச் சப்பாத்துத் தட்டில் வைத்தார், போய்விட்டார். வந்து கோட்டைக் கொழுவினார், பூவைத் திரும்பக் குத்தவில்லை. மூன்று நாள் இப்படியே நடந்தது. நாலாம் நாள் குசினியில் பெரிய வாக்குவாதம். செத்த மனிசனில் ஆமிச் சிப்பாய் என்ன, சனம் என்ன, நவம்பர் ஆத்துமாக்களின் மாதம், ஒரு பூக் குத்தினால் குறைந்தா போவாய் என்று அன்ரன் அண்ணை பிடித்துக்கொண்டார். ஒருவன், குத்தினால் விசா கெதியாய்க் கிடைக்குமாம் என்று எங்கேயோ கேட்டதைச் சொன்னான். இன்னொருவன், சிவப்பு நிறம் தனக்கு எடுக்காது, ஆனாலும் தான் சகித்துக்கொண்டு குத்தவில்லையா என்று கேட்டான். சிவம் அண்ணை தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். தனக்கு எல்லா ஆமியும் ஒரே ஆமிதான், நீங்கள் குத்துவதைத் தான் மறிக்கவில்லை, தன்னை விடுங்கள் என்றார். கோட்டுப் போடாமலும் போகமுடியாது, அந்தக் குளிர் அப்படி.

என் கருத்து என்ன என்று கேட்கிறீர்களா? எனக்குக் கருத்து ஒன்றும் இருக்கவில்லை. மேலே கூரை வேண்டும், அவ்வளவுதான். கருத்து இல்லாதவன்தான் உலகத்தில் ஆகக் கூடிய கரைச்சல் கொடுப்பவன் என்று பிறகுதான் விளங்கியது.

அடுத்த நாள் விடிய சிவம் அண்ணை கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் குனிந்து சப்பாத்துக் கட்டினார். என் மூளை வேலை செய்தது. பஸ்ஸுக்குப் போகிறவர்களை மாமி யன்னலால் பார்ப்பது பின்பக்கம்தானே? தட்டிலிருந்த பொப்பியை எடுத்து, தோளில் தூசி தட்டுவது போல் தட்டி, அவர் முதுகில் குத்திவிட்டேன். என் பெருவிரலிலும் ஊசி ஏறியது. சத்தம் போடாமல் விரலைச் சூப்பிக்கொண்டு, கவனமாய்ப் போயிட்டு வாங்கோ அண்ணை என்று வழியனுப்பியும் வைத்தேன்.

மனிசன் முதுகில் பூவோடு பஸ்ஸில் போயிருக்கிறார், இல்போர்டில் இறங்கி நடந்திருக்கிறார். வேலை செய்கிற கராஜில், குளிருக்குக் கோட்டைக் கழற்றாமல், ஒரு பகல் முழுக்கக் கார்களுக்கு அடியில் கிடந்திருக்கிறார். பின்னேரம்தான் ஆரோ ஒருவர் சிரித்துச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்தவர் நசுங்கி எண்ணெய் ஊறிய பூவைக் குசினி மேசையில் வைத்தார். ஆர் வேலை என்று கேட்கவும் இல்லை. நேரே என்னைப் பார்த்தார்.

"ஊரிலை என்ரை தம்பியை ஆமி பிடிச்சுக்கொண்டு போனது. அவனுக்கு ஒரு பூ வைக்க எனக்கு ஒரு இடமில்லை," என்றார். "அது என்ரை பாடு. என்னைக் கேக்காமல் என்னிலை ஒண்டும் குத்தாதை."

அவருக்கு ஒரு தம்பி இருந்தது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. அன்ரன் அண்ணை சிலுவை அடையாளம் போட்டார்.

சிவம் அண்ணை கோட்டைக் கழற்றிக் கொழுவிவிட்டு, வெறும் சேர்ட்டோடு மழைக்குள் இறங்கிப் போனார். நேரே கவுன்சில் மாமி வீட்டு மணியை அடித்தார். நாங்கள் ஆறு பேரும் யன்னல் சீலைக்குப் பின்னால் ஆளை ஆள் மிதித்துக்கொண்டு நின்றோம். எல்லாவற்றையும் சொல்லப்போகிறார், ஏழு பேர் என்பதையும் சொல்லப்போகிறார், எங்கள் கதை முடிந்தது. ஒருவன் பெட்டியை எடுத்து உடுப்பு அடுக்கத் தொடங்கிவிட்டான், உண்மையாகச் சொல்கிறேன்.

அரை மணித்தியாலம். சிவம் அண்ணை எங்கள் அலுமினியச் சட்டியோடு திரும்பி வந்தார். சட்டி நிறைய ஆப்பிள் கேக். சட்டியை வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று அந்த மனுசிக்கு ஆர் சொல்லிக்கொடுத்ததோ தெரியாது.

நாங்கள் ஏழு பேர் என்பது மாமிக்கு ஓகஸ்டில் இருந்தே தெரியுமாம். பின்பக்கத்து யன்னலால் எங்கள் உடுப்புக்கொடியைப் பார்த்து, காய்கிற சாரங்களை எண்ணியிருக்கிறார். நாலு கோட்டுக் கூத்தும் அவருக்குத் தெரியுமாம், ஒரே கோட்டு ஒருநாள் உயரமாயும் ஒருநாள் கட்டையாயும் போவதைப் பார்ப்பது தனக்கு நல்ல பொழுதுபோக்கு என்றாராம். நாலு பேர்தானே என்று கேட்டது என் முகம் போகிற போக்கைப் பார்க்க. கவுன்சிலுக்குச் சொன்னது ஒரே ஒரு விசயம், அதுவும் எங்களுக்கு முந்தி இருந்தவர்களைப் பற்றி. வியாழக்கிழமை வைக்கவேண்டிய குப்பைப் பையைப் புதன்கிழமை வைத்தால் நரி வந்து கிழிக்கிறது. நாங்களும் புதன்கிழமைதான் வைத்துக்கொண்டிருந்தோம்.

பூக் குத்தாவிட்டால் அவமரியாதையா என்று சிவம் அண்ணை கேட்டதற்கு, மாமி தன் புருசனைப் பற்றிச் சொன்னாராம். அவர் யுத்தத்துக்குப் போய் வந்தவர். மாமி ஸ்டேசனில் நின்று ஊருக்கெல்லாம் பூக் கொடுக்க, வீட்டில் அந்த மனிசன் ஒருநாளும் குத்தவில்லையாம். கேட்டால், நல்ல கோட்டு, ஓட்டை விழும் என்பாராம். சாகும்வரை அதே பதில்தான். அதுதான் உண்மைக் காரணமா என்று மாமி ஒருநாளும் கேட்கவில்லையாம், அவரும் சொல்லவில்லையாம். சிவம் அண்ணை இதைச் சொல்லிவிட்டுக் கேக்கில் ஒரு துண்டு வெட்டினார். முதல் துண்டை எனக்குத்தான் தந்தார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அந்த வீட்டில் இருக்கவில்லை. அடுத்த கிழமை முழுக்க என் கோட்டு முறையை அவருக்கு விட்டுக்கொடுத்தேன், பூவில்லாமல். எனக்குத் தடிமன் பிடித்தது.

அதற்குப் பிறகு வருசா வருசம் அன்ரன் அண்ணை குத்தினார். நானும் குத்தினேன், மாமிக்காகத் தொடங்கியது, பிறகு பழகிவிட்டது. சிவம் அண்ணை குத்தவில்லை. ஆராவது கேட்டால் மட்டும், நல்ல கோட்டு, ஓட்டை விழும் என்பார். பழைய துணிக்கடையில் வாங்கிய, ஏற்கெனவே ஏழெட்டு ஓட்டை விழுந்த கோட்டைப் போட்டுக்கொண்டும் அதைத்தான் சொல்வார். நானும் அவரும் ஒருதரையொருதர் பார்த்துச் சிரிப்போம்.

போன வருசம் நவம்பரில் சிவம் அண்ணை மோசம் போனார். சவப்பெட்டியில் புதுக் கோட்டோடு படுத்திருந்தார். இங்கே பிறந்த அவர் மகன், நல்ல பிள்ளை, தன் நெஞ்சில் ஒரு பொப்பியும் கையில் இன்னொன்றுமாய் என்னிடம் வந்தான். "மாமா, அப்பாக்கும் ஒண்டு குத்தட்டா?" என்று இங்கிலீஸ் இழுவைத் தமிழில் கேட்டான். அவன் கண் கலங்கியிருந்தது. தகப்பனின் தம்பியைப் பற்றி அவனுக்குத் தெரியுமோ தெரியாது. செத்தவீட்டில் வைத்துச் சொல்கிற கதையா அது?

"நல்ல கோட்டு, தம்பி," என்றேன். "ஓட்டை விழும்."

அவன் சிரித்துவிட்டான். அப்பாவும் இப்படித்தான் சொல்லுவார் என்றான். பூவைத் தன் பொக்கெற்றுக்குள் வைத்தான். நான் வெளியே போய்க் கார் தரிப்பிடத்தில் நின்று நல்லாக அழுதேன்.

மாமி போய் எத்தனையோ வருசம். அன்ரன் அண்ணை கனடாவில் மகளோடு. அந்த வீட்டு உடுப்புக்கொடி நின்ற இடத்தில் இப்போது பின்பக்கம் ஓர் அறை கட்டிவிட்டார்கள், சாரம் காயப்போட இடமில்லை, எண்ண ஆளும் இல்லை.

வெண்டிக்காயை மறந்து, பாலை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அந்தப் பிள்ளை இன்னும் நின்றாள். கார்டைத் தட்டினேன், ஒரு பூவை ஒட்டிக்கொண்டேன். வீட்டிலும் ஆருக்காவது கொண்டுபோங்களேன் என்று இன்னொன்றை நீட்டினாள். அவர்களைத்தான் கேட்கவேண்டும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

வீடுவரை யோசித்துக்கொண்டே நடந்தேன். ஊசி இல்லை, ஓட்டை விழாது. இனி ஒருத்தனுக்கு வேண்டாம் என்றால், வேண்டாம் என்றுதான் வாய் திறந்து சொல்லவேண்டும். சிவம் அண்ணைக்கு அது சரியான கஷ்டமாய் இருந்திருக்கும்.