பெட்டிக்கு எட்டாத சூடு

பாலிடெக்னிக்கில் இருபது வருடம் எஞ்சின் பாடம் நடத்தியவன் நான். கார்பரேட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவேன். தொண்ணூறுகளின் கடைசியில், வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒரு டாக்டரின் ஜப்பான் கார் வண்ணார்பேட்டை ஒர்க்‌ஷாப்புக்கு வந்தபோது அந்தப் படிப்பு எதற்கும் உதவவில்லை.

ஒர்க்‌ஷாப் அண்ணாச்சிக்கு என்னைவிட இரண்டு வயது கூடுதல். ஊரில் மற்றவர்கள் தொடத் தயங்கிய அந்த ஸ்போர்ட்ஸ் காரை ஆயுத பூஜைக்குள் சர்வீஸ் செய்து தருவதாக ஏற்றிருந்தார். நன்றாக அமைந்தால் டாக்டரின் நண்பர்கள் கார்களும் அவரிடம் வரும். விளக்கம் சொல்ல என்னைக் கூப்பிட்டார்.

"கார்பரேட்டர்னா நம்மகிட்ட பேசும் சார். இது அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிகிட்டதான் பேசுது. நம்மள மதிக்கவே மாட்டேங்கு."

இரவல் புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். எவ்வளவு காற்று போகிறது, எஞ்சின் எவ்வளவு சூடு, எத்தனை சுற்று என்பதையெல்லாம் சென்சார்கள் கம்பி வழியே பெட்டிக்குச் சொல்லும். இஞ்செக்டர் எவ்வளவு நேரம் திறந்து பெட்ரோலைத் தெளிக்க வேண்டும் என்று பெட்டி முடிவு செய்யும். எனக்கே பாதி விளங்கவில்லை. எந்தக் கம்பி எங்கே போகிறது என்று பார்க்க, கம்பி முனைகளில் இருந்த பிளக்குகளை ஒவ்வொன்றாக உருவி மாட்டினேன்.

"பைய சார், பைய! சாக்பீஸ் புடிச்ச கை, ஒடைச்சிராதீங்க."

"இருபது வருஷமா இதத்தானே அண்ணாச்சி செய்யுதேன்" என்றேன். அது பொய். அப்படி ஒரு பிளக்கை அன்றுதான் முதலில் தொட்டேன்.

பூஜைக்கு முதல் நாள், எல்லா வண்டிகளுக்கும் செய்வதுபோல அந்த எஞ்சினையும் அண்ணாச்சி தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார். மறுநாள் சந்தனம், குங்குமம் வைத்து, எலுமிச்சை நசுக்கிப் புறப்பட்டது கார். ஆற்றுப்பாலம் வரைதான். எஞ்சின் சூடானதும் கறுப்புப் புகை கக்கி நின்றது. தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"இந்த எஞ்சின்ல போயி பைப்ப வச்சு பீச்சுவீராவே? லாரின்னு நெனச்சீரா?" என்று, கழுவிய விஷயம் தெரிந்ததும் டாக்டர் கத்தினார்.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க உருவுன பிளக்க எல்லாம் நல்லா மாட்டுனீங்கல்லா?"

"மாட்டினேன்" என்றேன் உடனே.

மாட்டும்போது 'டிக்' என்று சத்தம் வர வேண்டும். எல்லாவற்றிலும் வந்ததா? அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

கார் மதுரைக்குப் போனது. ஒரு மாதம் கழித்து டாக்டர் என்னிடம் சொன்னார்: எஞ்சின் சூட்டைச் சொல்லும் சென்சாரின் பிளக் பாதிதான் உள்ளே இருந்ததாம். எஞ்சின் கொதித்தாலும் பெட்டிக்கு அது குளிர்ந்து கிடப்பதாகவே பட்டிருக்கிறது. விடியற்காலையில் ஸ்டார்ட் பண்ண ஊற்றுவதுபோலப் பெட்ரோலை ஊற்றித் தள்ளியிருக்கிறது. "எல்லாம் அந்த ஆளு தண்ணி பீச்சுன வேல" என்றார். நான் தலையாட்டினேன்.

தண்ணீரின் வேகம் அதைத் தளர்த்தியதா, நான் பாதியில் விட்டேனா? எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். உறுதியாகத் தெரியாதபோது ஏன் "மாட்டினேன்" என்றேன் என்பதுதான் அதைவிடப் பிடிபடவில்லை.

அடுத்த வருடம் வகுப்பில் இதையே பாடமாக நடத்தினேன். நன்றாக நடத்தினேன் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அண்ணாச்சி அதன்பின் டீசல் வண்டி மட்டும்தான் பார்த்தார். அங்கே போனால் டீ வாங்கித் தருவார். யாராவது புதுக் காரைக் கொண்டுவந்தால், "நமக்கு ஆகாதுவே, தண்ணி பீச்சிக் கெடுத்தவம்லா நான்" என்று சிரித்து அனுப்பிவிடுவார். ஒவ்வொரு முறையும் நான் டீயைக் குடித்து முடித்து, டம்ளரை வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்துவிடுவேன்.