லாஞ்சு பெயிண்ட் அடித்த சுவர்

என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. உட்கார்ந்தால் கண் நேராகக் கூடத்துச் சுவருக்குப் போய்விடும். திருவொற்றியூரில் இந்தக் கீழ்வீட்டுக்கு நாங்கள் குடிவந்து பதினான்கு வருடமாகிறது. பதினான்கு வருடமாக அந்தச் சுவர் உப்பு பூத்து, வீங்கி, உதிர்ந்துகொண்டே இருக்கிறது. கடல் பக்கத்து மண், போர்வெல் தண்ணீரே உப்பு. போதாததற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. காலையில் பெருக்கித் தள்ளினால் மதியத்துக்குள் மறுபடி ஒரு முறம் வெள்ளைத் தூள். வீட்டு ஓனரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

மறைக்க எங்கள் தெருவில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். காலண்டர் மாட்டினேன். புத்தாண்டு நெருங்கும்போது கல்மண்டபம் வரை போய், எந்தக் கடையில் பெரிய காலண்டர் கொடுக்கிறார்கள் என்று விசாரித்து, அங்கேயே மாதச் சாமான் வாங்குவேன். உப்பு பரவப் பரவக் காலண்டர்களும் பரவின. போன வருடம் ஏழு இருந்தன. நாள் பார்ப்பது என்னவோ செல்போனில்தான். "ஒரு தேதிய கேட்டா இந்த வூட்ல ஏழு பேரு பதில் சொல்றான்" என்பார் என் வீட்டுக்காரர். அவர் மணலி ரோட்டில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை செய்கிறார். கேலி செய்யாமல் அவருக்குச் சோறு இறங்காது.

போன மே மாதம் என் மகள் வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னாள். "அடுத்த ஞாயித்துக்கெழம ஆபீஸ்லேந்து மூணு பேரு வராங்கம்மா. மதியானம் சாப்பாடு இங்கதான். மீன் கொழம்பு வெச்சிடு."

அவள் பத்தாவது படித்தபோது ஒரு தோழியைக் கூட்டிவந்தாள். அதற்குப் பிறகு இந்த வீட்டுக்கு அவள் ஒருவரையும் அழைத்து வந்ததில்லை. பிறந்தநாள் என்றால் பீச், இல்லையென்றால் ஓட்டல். கல்லூரித் தோழிகள் தெருமுனை வரை வண்டியில் கொண்டுவந்து விடுவார்கள். அங்கேயே டாட்டா காட்டி அனுப்பிவிடுவாள். காரணத்தை அவளிடம் நான் கேட்டதே இல்லை. கேட்பானேன், அதுதான் என் எதிரிலேயே உதிர்ந்துகொண்டிருக்கிறதே. இப்போது கிண்டியில் வேலைக்குப் போய், முதல் தடவையாக வாயைத் திறந்து மூன்று பேரை அழைத்திருக்கிறாள். இந்த முறை அந்தச் சுவர் அவள் மானத்தை வாங்கினால், அப்புறம் இந்த வாசற்படியை எவரும் மிதிக்கப் போவதில்லை என்று எனக்குத் தோன்றியது.

அன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன். குறைந்த செலவில் வீட்டை மாற்றுவது எப்படி என்று செல்போனில் வரும் வீடியோக்களை எல்லாம் பார்த்தேன். பழைய புடவையில் திரை, பாட்டிலில் மணிபிளான்ட், ஒரு சுவருக்கு மட்டும் அழுத்தமான வண்ணம். அந்த வீடியோக்களில் வரும் எந்த வீட்டுக்கும் உப்பு என்றால் என்னவென்றே தெரியாது. இருந்தாலும் இரண்டு காட்டன் புடவைகளை வெட்டிக் கையாலேயே மடித்துத் தைத்தேன். யார்டில் கழித்துப் போட்ட பெட்டிப் பலகைகளைக் கேட்டு வாங்கிவந்து, வீட்டுக்காரர் ஓர் அலமாரித் தட்டு அடித்துக் கொடுத்தார். பீரோவை ஜன்னலோரம் நகர்த்தினேன். பிடிக்கவில்லை, கதவோரம் நகர்த்தினேன். மறுநாள் பழைய இடத்துக்கே கொண்டுபோனேன். "பீரோவுக்கு சக்கரம் மாட்டித் தரேன், இஸ்துகினே திரி" என்றார் அவர்.

எதை எங்கே வைத்தாலும் சுவர் மட்டும் அப்படியே நின்றது.

என் தம்பிக்குக் காசிமேட்டில் விசைப்படகில் வேலை. நாங்கள் லாஞ்சு என்போம். மீன்பிடித் தடைக்காலம் ஆதலால் லாஞ்சுகளைக் கரையேற்றி, சுரண்டி, வண்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். தடைக்காலம் வந்தால் எங்கள் ஜனங்களின் வீடுகளில் கதவு, ஜன்னல், தண்ணீர்த் தொட்டி எல்லாம் லாஞ்சு நிறத்துக்கு மாறும். மீந்த பெயிண்டை யாரும் கொட்டுவதில்லை. தம்பியும் ஒரு டின் நீலத்தோடு வந்து நின்றான்.

"கதவுக்கு அடிச்சிக்க அக்கா" என்றான்.

"செவுத்துக்கு அடிச்சா?"

ஒரு நிமிஷம் சுவரைப் பார்த்தான். "லாஞ்சு வருசம் பூரா உப்புத் தண்ணிலதான் ஊறிகினு கீது. அதுக்கே ஒண்ணும் ஆவல. உன் செவுரு இன்னா, அதவிட பெரிய ஆளா?"

பதினான்கு வருடம் இது ஏன் என் மண்டையில் உறைக்கவில்லை என்று எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. கடலையே தாங்குகிற பெயிண்ட். ஏழு காலண்டர்களையும் அன்றே இறக்கினேன். சுரண்டி, உப்புத் தாள் போட்டுத் தேய்த்து, திங்கட்கிழமை ஒரு கோட், செவ்வாய்க்கிழமை ஒரு கோட். தின்னர் நாற்றத்தில் தலை கிறுகிறுத்தது. எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகவே இல்லை. செவ்வாய் சாயங்காலம் ஈரம் காயாத அந்த நீலத்துக்கு எதிரில் நின்றேன். முகம் தெரிகிற மாதிரி பளபளவென்று இருந்தது. சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

வீட்டுக்காரர் வந்து வாசலில் நின்றார். "வூட்டுக்குதான் வந்தேனா, லாஞ்சுல ஏறிட்டனா? எப்ப கெளம்புது?"

மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை, பெருக்கும்போது தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் சின்னதாக ஒரு கொப்புளம் பார்த்தேன். விரலால் அழுத்தினேன். அமுங்கியது. மதியத்துக்குள் பத்துப் பதினைந்து ஆகிவிட்டன. சனிக்கிழமை காலையில் சுவர் முழுக்க அம்மை போட்டதுபோல் இருந்தது. ஒன்றை ஊசியால் குத்தினேன். உள்ளிருந்து தண்ணீர் கசிந்து, என் விரலில் உப்பாகப் பிசுபிசுத்தது.

தம்பியைப் போனில் கூப்பிட்டுக் கத்தினேன். அவன் மெதுவாகச் சொன்னான். "லாஞ்சுக்கு தண்ணி வெளில கீது அக்கா. உன் செவுத்துக்கு உள்ள கீது. அத நா யோசிக்கவே இல்ல."

போனை வைத்துவிட்டுத் தோசைக் கரண்டியை எடுத்தேன். கொப்புளங்களை மட்டும் சுரண்டிச் சமப்படுத்தலாம் என்றுதான் தொட்டேன். பெயிண்ட் பாளம் பாளமாகப் பெயர்ந்து, கூடவே காரையையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. நிறுத்தவும் முடியவில்லை. அரை மணி நேரத்தில் பாதிச் சுவர் நீலம், பாதிச் சுவர் சொறி. காலில் ஒட்டிய பெயிண்டோடு நான் ஓடி, பரண்மேல் போட்டிருந்த காலண்டர்களை இறக்கினேன். ஆணியை வாயில் கடித்துக்கொண்டு சுத்தியலைத் தேடும்போது மகள் உள்ளே வந்தாள்.

"இன்னாம்மா பண்ற?"

"ஏழும் பத்தாது போல கீது. எதிர் வூட்ல ரெண்டு கேட்டுப் பாரு. இல்லன்னா ஃபிரெண்ட்ஸுங்கள ஓட்டலுக்கே இட்டுகினு போயிடு. இந்த செவுத்த வெச்சிகினு உன் மானம் போறத நா பாக்கமாட்டேன்."

அவள் என் வாயிலிருந்து ஆணியைப் பிடுங்கினாள். "செவுத்துக்காக நா யாரையும் கூட்டிகினு வரலன்னு உனுக்கு யாரு சொன்னது?"

கீழே குவிந்திருந்த காலண்டர்களில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"பத்தாவதுல ஒருத்தி வந்தாளே, ஞாபகம் கீதா? அவ இருந்த அர மணி நேரமும் நீ உக்காரவே இல்ல. தூளு கொட்டுதும்மா, அந்தாண்ட உக்காருன்னு ரெண்டு வாட்டி அவள எழுப்புன. அவ காலாண்டயே பெருக்கின. செவுரு இப்டி, வூடு இப்டின்னு பொலம்பிகினே இருந்த. மறுநாளு ஸ்கூல்ல அவ இன்னா கேட்டா தெரியுமா? நா வந்தது உங்கம்மாவுக்குப் புடிக்கலியாடின்னு கேட்டா."

அந்தத் தோழியின் முகம்கூட எனக்கு ஞாபகம் இல்லை. அவள் காலடியில் பெருக்கியது ஞாபகம் இருந்தது. அன்றைக்கு வீட்டைச் சுத்தமாக வைத்திருந்தேன் என்று இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். கையில் காலண்டரை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். வெட்கமாக இருந்தது.

"நாளிக்கு செவுரு எப்டி இருந்தாலும் பரவால்ல" என்றாள். "நீ உக்காந்தா போதும்."

ஞாயிற்றுக்கிழமை மூன்று பெண்கள் வந்தார்கள். தாம்பரம் பக்கத்துப் பெண் ஒருத்தி, மற்ற இருவரும் வெளியூரிலிருந்து வந்து ஹாஸ்டலில் இருப்பவர்கள். வஞ்சிரக் குழம்பு வைத்திருந்தேன். தட்டுகளைக் கழுவிப் போட்டதும் என் கை பழக்கத்தில் துடைப்பத்துக்குப் போனது. மகள் பார்த்த பார்வையில் விட்டுவிட்டேன். கூடத்துக்கு வந்து பாயில், அந்தச் சுவரிலேயே முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். ஹாஸ்டல் பெண் ஒருத்தி என் பக்கத்தில் வந்து சாய்ந்தாள்.

உட்கார்ந்திருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று அதுவரை எனக்குத் தெரியாது. தோளில் தூள் விழுவது தெரிகிறது, தட்டக் கூடாது. கால் தானாக ஆடுகிறது. தாம்பரத்துப் பெண் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தபோது, "அது உப்பும்மா, நாங்க என்ன பண்ணாலும்" என்கிற வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. மகள் என் முழங்காலைப் பிடித்து அழுத்தினாள். அந்தப் பெண் கேட்டதோ வேறு. "இந்த ஸ்க்ரீன் நீங்க தெச்சதா ஆன்ட்டி?" ஆமாம் என்றேன். எந்தப் புடவை, எப்போது வாங்கியது என்று பேச்சு வளர்ந்தது. ஆபீசில் மகள் எப்படி மேனேஜரை மிமிக்ரி செய்வாள் என்று அவர்கள் செய்து காட்டினார்கள். என் மகளுக்கு அது வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அவர்கள் கிளம்பும்போது நானும் எழுந்தேன். மகள் என்னைத் திருப்பி நிறுத்தி, அவர்கள் எதிரிலேயே என் முதுகைப் படபடவென்று தட்டினாள். வெள்ளைத் தூள் பறந்தது. ஹாஸ்டல் பெண் தன் முதுகைத் திரும்பிப் பார்க்க முயன்றாள். அவளுடைய கறுப்புச் சட்டை முழுக்க வெள்ளை.

பதினான்கு வருடத்து மன்னிப்பும் என் வாயில் வந்து நின்றது. அவள் முதுகைத் தட்டிவிட்டேன்.

"எங்க வூட்டு செவுரு அப்டித்தாம்மா" என்றேன். "அடுத்த வாட்டி வெள்ளச் சட்ட போட்டுகினு வா."