ஆற்றங்கரை அக்காவுக்கு வீடு வந்த விதம்

பிஜித் தீவில் பா என்ற ஊரில் எங்கள் தென்னிந்தியர் சங்கம் நடத்திய பள்ளிக்கூடத்து ஆபீசில் நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்த வருஷம், ஆறு பொங்கி ஊருக்குள் வந்துவிட்டது. தண்ணீர் வடிந்ததும் கடைக்காரர்கள் சேற்றை வாரிக் கொட்டிவிட்டு வியாபாரத்தைத் தொடங்கினார்கள். ஆற்றங்கரைத் தகரக் குடிசையில் இருந்த அக்காவுக்கும் அவருடைய தம்பிக்கும் மட்டும் திரும்பிப் போக இடமில்லை. குடிசை நின்ற மண்ணே ஆற்றோடு போயிருந்தது.

இருவருக்கும் ஐம்பதுக்கு மேல். அக்கா புருஷனை இழந்தவர். மார்க்கெட்டில் கீரை விற்பார். அங்கே எல்லோருக்குமே அவர் அக்காதான். தம்பி கரும்பு வெட்டியவர். சர்க்கரை வியாதியால் வலது காலில் புண். மார்க்கெட்டின் பின்கொட்டகையில் பாய் விரித்துப் படுத்தார்கள். தினமும் அந்த வழியாகத்தான் நான் வேலைக்குப் போவேன். தலையை ஆட்டிச் சிரித்துவிட்டுக் கடந்துவிடுவேன். அதற்கு மேல் எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

ஒருநாள் ஆஸ்பத்திரி நர்ஸ் எங்கள் ஆபீசுக்கு வந்தார். பிஜியின் பூர்வகுடிப் பெண், ஆனாலும் அங்கே இந்தியர்கள் பொதுவில் பேசும் ஹிந்தியை எங்களைவிட நன்றாகப் பேசுவார். பெரிய வாத்தியாருக்கு எதிரே உட்கார்ந்து, "மார்க்கெட் கொட்டகையில் இருக்கிறாரே, அந்த மனுஷர் காலுக்கு நான் மூன்று தடவை கட்டுப் போட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் ஈரத் தரையில் போய்ப் படுக்கிறார், புண் திறந்துகொள்கிறது. மருந்து நான் போடுகிறேன். படுக்க இடம் நீங்கள் கொடுங்கள்" என்றார்.

வாத்தியார் கொஞ்சம் யோசித்தார். "விடுதியில் ஓர் அறை காலியாக இருக்கிறது. ஆனால் அடுத்த தவணைக்குப் பையன்கள் வந்துவிடுவார்களே?"

"அதற்குள் கால் ஆறிவிடும்."

"ஆறின பிறகு? மறுபடியும் கொட்டகைக்கா?"

வாத்தியார் என் பக்கம் திரும்பி, சங்கக் கமிட்டிக்கு ஒரு கடிதம் அடிக்கச் சொன்னார். அறை, வைத்தியம், பிறகு ஒரு வீடு, மூன்றும் ஒரே கடிதத்தில். "தனித்தனியாகக் கேட்டால் ஒன்று கிடைக்கும், இரண்டு விட்டுப்போகும்" என்றார். அன்றைக்கு நான் ஒரு எழுத்துகூடத் தப்பாக அடிக்கவில்லை.

கமிட்டி சம்மதித்த செய்தியை ஓடிப்போய்ச் சொன்னேன். அக்கா கேட்ட முதல் கேள்வி, "கோழிங்கள இன்னா பண்றது கண்ணு?" வெள்ளத்தில் மார்க்கெட் கூரைமேல் ஏறித் தப்பித்த மூன்று கோழிகள். அவை இல்லாமல் வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். கோழிகளும் வந்தன. அடுத்த வாரம் பூகோளப் பாடத்துக்காக வாத்தியார் அலமாரியைத் திறந்தால் ஆஸ்திரேலியா வரைபடத்தின்மேல் இரண்டு முட்டை. வகுப்பு முழுக்கச் சிரித்தது. வாத்தியார் முட்டைகளை எடுத்து அக்காவிடம் கொடுத்துவிட்டு, அலமாரிக்குப் பூட்டுப் போட்டார்.

நர்ஸ் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து புண்ணைக் கழுவிக் கட்டினார். தம்பியின் தட்டில் சோற்றை அளந்து வைக்க அக்காவுக்குக் கற்றுக்கொடுத்தார். ஈரம் படாத படுக்கை, வேளைக்கு மருந்து. ஆறாவது வாரம் தம்பி கோல் இல்லாமல் நடந்து ஆபீஸ் வாசல்வரை வந்து நின்றார். நான் டைப் அடிப்பதை விட்டுவிட்டுக் கைதட்டினேன்.

வீட்டுக்கு இடம் கொடுத்தவர், வாடகைக்குச் சரக்கு ஏற்றும் கேரியர் லாரி ஓட்டிய முஸ்லிம் பாய். மலபாரிலிருந்து வந்த குடும்பம். பள்ளிக்கு விறகு இறக்க வந்தவர் விஷயத்தைக் கேட்டதும், "மேட்டுல என் குத்தகை நிலத்துல ஒரு மூலை இருக்கு. கரும்பு வராது. வெள்ளமும் வராது" என்றார். நிலத்துக்கு உரியவர்கள் நர்ஸின் ஊர்க்காரர்கள். எதையும் கேட்கப் போகும்போது காணிக்கையாகக் கொடுக்கும் யங்கோனா வேர்க்கட்டை அவர்கள் கிராமத் தலைவர் முன்னால் வைத்து, நர்ஸே எங்களுக்காகப் பேசினார். தலைவர் ஏதோ கேட்டார். நர்ஸ் சொன்ன பதிலுக்கு அங்கே எல்லோரும் சிரித்தார்கள்.

"எத்தனை பேர் குடிவரப் போறாங்கன்னு கேட்டார். ரெண்டு பேர், மூணு கோழின்னு சொன்னேன்" என்றார் எங்களிடம்.

அடுத்து வந்த சனிக்கிழமைகளில் வீடு எழுந்தது. கிராமத்து ஆட்கள் மூங்கில் கொண்டுவந்தார்கள். சங்கத்து ஆட்கள் பழைய ஷெட்டைப் பிரித்து மரமும் தகரமும் கொடுத்தார்கள். பாய் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றி வந்தார். தம்பி, நர்ஸ் கட்டாயப்படுத்திப் போடவைத்த கான்வாஸ் ஷூவோடு உட்கார்ந்து, வளைந்த ஆணிகளைத் தட்டி நேராக்கினார். அக்கா கல் அடுப்பில் பருப்பும் மரவள்ளியும் வேகவைத்தார்.

கதவு மாட்டிய மத்தியானம் அக்கா எங்கள் எல்லோரையும் வெளியே போகச் சொன்னார், தம்பியையும் சேர்த்து. உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. வெயிலில் விழித்துக்கொண்டு நின்றோம்.

"இன்னா நிக்கிறீங்க? தட்டுங்க!" என்றது உள்ளேயிருந்து குரல்.

நர்ஸ் தட்டினார்.

"யாரு?"

"நர்ஸ்!"

"இன்னும் யாரு?"

"பாய்!" "வாத்தியார்!" "டைப்பிஸ்ட் பொண்ணு!" ஆளுக்கொரு பக்கம் கத்தினோம்.

கடைசியில் தம்பி, "நான்தான் உன் தம்பி! பசிக்குது, தெற!" என்றார்.

கதவு திறந்தது. அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. "வாங்க, உள்ள வாங்க" என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்து இழுத்தார். அந்த ஒற்றை அறைக்குள் நிற்கக்கூட இடமில்லாமல், தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சாப்பிட்டோம்.