கோட்டையில் மிஞ்சிய வாசலும் என் சின்னம்மாவும்

பால் டின் ஒன்றில் பாதியளவு சுண்ணாம்புத் தூள். அதை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு மலாக்காக் கோட்டை வாசலின் நட்டநடுவில் என் சின்னம்மா நின்றிருந்தார். தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு, முழங்கை வரை மண், இடுப்பில் செருகிய அரிவாள். அவருக்கு எதிரே வெள்ளைக்கார எஞ்சினியர். சற்றுத் தள்ளி, கூலியாட்களை மேற்பார்க்கும் மண்டோர், கோபத்தில் முகம் கறுத்துப்போய். நடுவில், சுருட்டிய வரைபடத்தை அக்குளில் இடுக்கியபடி நான். நாடு எந்த நாளில் சுதந்திரம் பெறும் என்பதை எதிரே இருக்கும் திடலில் அறிவிக்கப்போகிறார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வாரம் அது.

என்னைப் பெற்ற அம்மா நான் தவழும் முன்பே இறந்துவிட்டார். அவருடைய தங்கைதான் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ரப்பர் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்தவர். தனக்கென்று ஒரு கல்யாணத்தைப் பற்றி அவர் பேசிக் கேட்டதில்லை. காஜா பெராங் தெருவில், பல தலைமுறைகளுக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய ஒரு செட்டிக் குடும்பத்து வீட்டின் பின்கட்டில் இரண்டு அறைகள் எங்களுக்கு. சின்னம்மாவுக்கு டவுனில் கூலி வேலை: கோட்டைக் குன்றில் புல் வெட்டுவது, காலையில் கோட்டை வாசலைக் கூட்டுவது. பதினைந்து வருடங்கள் அந்த ஒரே இடத்தைக் கூட்டினார்.

கோட்டை என்று பேர்தான். போர்த்துக்கீசியர் கட்டினார்கள், டச்சுக்காரர் பிடித்தார்கள், பிறகு வந்த ஆங்கிலேயர் இது நமக்கு எதிராக யார் கைக்காவது போய்விடப் போகிறது என்று பயந்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். மலையைச் சுற்றி நின்ற மதில் போய், செம்பூராங்கல் அடுக்கிய ஒரே ஒரு வாசல் மட்டும் மிஞ்சியது. நான் இதைப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். சின்னம்மா வீட்டுக்கார அம்மாளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். சாமி தமிழ்ச்சாமியானாலும் அந்த அம்மாளுக்கு வாயில் வருவது மலாய்தான். கோட்டை வருவதற்கு முன்பே எங்கள் ஆட்கள் இங்கே வியாபாரம் செய்தார்கள், பழைய கல்லறைகளையும் பள்ளிவாசலையும் பிரித்த கல்தான் அந்த மதிலுக்குப் போனது என்று அவர் சொல்ல, சின்னம்மா கடைத்தெருவில் பழகிய பாசார் மலாயில் துருவித் துருவிக் கேட்பார். பிறகு என்னிடம் வந்து, "வெள்ளைக்காரன் கோட்டைன்னு ஒங்க புஸ்தகத்துல போட்டிருக்கும். கல்லு தூக்குனது அவன் கையா?" என்பார்.

அவரைப் பற்றி நான் பெருமையாக எழுதுவதற்கு முன்னால் என் சிறுமையைச் சொல்லிவிட வேண்டும். இங்கிலீஷ் படித்து எஞ்சினியர் ஆபீசில் வரைபடங்களைப் படியெடுக்கும் வேலை எனக்குக் கிடைத்திருந்தது. வெள்ளைச் சட்டை, காலில் சப்பாத்து. கூட வேலை செய்தவர்களிடம் சின்னம்மா ஒரு தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார் என்று சொல்லியிருந்தேன். அவர்களோடு சைக்கிளில் கோட்டை வாசலைக் கடக்கும்போதெல்லாம் கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். சின்னம்மாவும் குனிந்து புல்லை அரிந்துகொண்டிருப்பார். ஒரு தடவைகூட அவர் என்னைக் கூப்பிட்டதில்லை. நான் சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

அந்த வாரம் கூட்டத்துக்காகத் திடலையும் வாசலையும் சுத்தம் செய்ய உத்தரவு வந்தது. வாசலின் இடப்பக்கம், வளைவுக்கு மேலே ஒரு ஆலங்கன்று முளைத்து, அதன் வேர்கள் கல் இடுக்குகளில் இறங்கியிருந்தன. பார்க்க அசிங்கமாக இருக்கிறது, கயிறு கட்டி லோரியால் இழுத்துவிடலாம் என்று மண்டோர் முடிவு செய்தார். சின்னம்மா கூடாது என்றார். லோரி வந்து நின்றதும் போய் வளைவுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டார்.

எஞ்சினியரும் நானும் மேடைக்கு அளவெடுக்க அங்கே போய்ச் சேர்ந்தபோது சத்தம் ரோட்டு வரைக்கும் கேட்டது.

"நவுரு! நாளையிலேர்ந்து ஒனக்கு வேலை கிடையாது!"

"நாளைக்குத்தான கிடையாது மண்டோரே? இன்னைக்கு இது நான் கூட்டுற எடம். இங்கதான் இருப்பேன்."

எஞ்சினியர் வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. மலாய்கூடப் பழகவில்லை. இந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று என்னைக் கேட்டார். சின்னம்மா எழுந்து நின்றார். என்னைப் பார்த்தார், முன்பின் அறியாத ஆளைப் பார்ப்பதுபோல. "தொரைகிட்ட சொல்லுங்க" என்றார். என் வாழ்நாளில் முதல் தடவையாக என்னை 'ங்க' போட்டுப் பேசினார். என் வெள்ளைச் சட்டையைக் காப்பாற்றத்தான் அப்படிப் பேசினார்.

சின்னம்மா சொல்லச் சொல்ல நான் அதை இங்கிலீஷில் சொல்லத் தொடங்கினேன். தினமும் கூட்டும்போது வாசலின் இரண்டு பக்கமும் கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்து கிடக்கும். இரண்டு மாதமாக இடப்பக்கம் மட்டும் அதிகமாக உதிர்கிறது. பத்து நாள் கூட்டியதுதான் இந்த டின்னில் இருப்பது. உள்ளே பூச்சு எல்லாம் மாவாகிவிட்டது. கல்லைப் பிடித்திருப்பது இப்போது அந்த வேர்தான். அதை உருவினால் வளைவும் கூடவே வரும். கூட்டத்தன்று இதற்கடியில் ஆயிரம் பேர் நடப்பார்கள்.

எஞ்சினியர் டின்னை வாங்கித் தூளை விரலில் தேய்த்துப் பார்த்தார். அப்போது சின்னம்மா இன்னொன்றும் சொன்னார். "ஒங்க ஆளுங்கதான் வெடி வச்சு ஒடைச்சாங்க. மிச்சம் இருக்குறத நாங்களே ஒடைக்கணுமான்னு கேளுங்க."

மண்டோர் வேண்டாம் என்று கண்ணால் சாடை காட்டினார். ஆனால் என்ன சொன்னாள் என்று எஞ்சினியர் விடாமல் கேட்டார். ஒரு சொல்கூட மாற்றாமல் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. ஏணியைக் கொண்டுவரச் சொன்னார். அவரே ஏறி, வேருக்குப் பக்கத்து இடுக்கில் கையிலிருந்த அடிக்கோலை நுழைத்தார். அது பிடித்த விரல் வரைக்கும் உள்ளே போனது. இறங்கி வந்து கையில் ஒட்டிய தூளைத் தட்டினார். லோரியைத் திருப்பி அனுப்பச் சொன்னார். கன்றின் தலையை மட்டும் அறுக்க வேண்டும், வேரில் கைவைக்கக் கூடாது, பலகை முட்டுக் கொடுத்து இடுக்குகளில் சுண்ணாம்புச் சாந்து நிரப்ப வேண்டும் என்று உத்தரவிட்டார். இந்த அம்மாள் நாளைக்கும் வேலைக்கு வருவார் என்று மண்டோரைப் பார்த்துச் சொன்னார்.

பிறகு சின்னம்மாவிடம் தன் ஊரைப் பற்றிச் சொன்னார். அங்கேயும் ஒரு பழைய கோட்டை இருக்கிறதாம். எழுநூறு வருடத்துக்கு முந்தையது. ஊர்க்காரர்கள் வீடு கட்டக் கல்லை எடுத்துப்போய், ஒரு சுவரும் வாசலும்தான் பாக்கியாம். நான் அதைத் தமிழில் சொன்னதும் சின்னம்மா கேட்டார்:

"அங்க யாரு கூட்டுறா?"

அதையும் எஞ்சினியருக்குச் சொன்னேன். தெரியாது என்று ஒப்புக்கொண்டார். ஆபீசுக்குத் திரும்பக் காரில் ஏறுமுன், அந்தப் பெண்ணை உனக்குத் தெரியுமா என்று என்னிடம் கேட்டார். சின்னம்மா பத்தடி தூரத்தில் துடைப்பத்தை எடுத்துக்கொண்டிருந்தார். மண்டோர் இருந்தார், டிரைவர் இருந்தார், மறுநாளே ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிடும். நான் சத்தமாகவே சொன்னேன்: "ஷி இஸ் மை மதர், சார்."

அறிவிப்பு நாளன்று திடல் நிரம்பி வழிந்தது. முட்டுக் கொடுத்த வாசல் வழியாகச் சனம் வந்துகொண்டே இருந்தது. சின்னம்மா மாம்பழ நிறச் சேலை கட்டிக்கொண்டு என்னோடு வந்தார். ஆபீஸ் நண்பர்கள் எல்லாரிடமும் அவரை அழைத்துப் போய்க் காட்டினேன். இந்த வாசலைக் காப்பாற்றியவர் என்று சொன்னேன். சுதந்திரத் தேதியைச் சொன்னதும் எழுந்த விடுதலை முழக்கத்தில் அவரும் கையை உயர்த்தி "மெர்டேக்கா" என்று கத்தினார். அவ்வளவு பெரிய குரல் அவருக்குள் இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அந்த வாசல் இன்னும் நிற்கிறது. எந்நேரமும் யாராவது அங்கே படம் எடுத்துக்கொள்கிறார்கள். கட்டியவன், பிடித்தவன், இடித்தவன் என்று எல்லாரைப் பற்றியும் அங்கே வருகிறவர்களுக்குச் சொல்கிறார்கள். கூட்டியவரைப் பற்றிச் சொல்ல நான் இருக்கிறேன்.

அன்றைக்குத் திடலிலிருந்து காஜா பெராங் வரைக்கும் நடந்தே வந்தோம். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். பாதி வழியில் சின்னம்மா கேட்டார்.

"தம்பி, ஒரு வாரமா கேக்கணும்னு இருந்தேன். தொரைகிட்ட என்னைய மதர்னு சொன்னியே, ஏன்டா? கான்வெண்டுல சாமியாரம்மாங்களத்தான மதர் மதர்னு கூப்புடுறாங்க?"

"அது வேற. மதர்னா அம்மான்னு அர்த்தம்."

அவர் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அப்ப அதுல 'சின்ன' இல்லையா?"

"இல்ல."

"சரி" என்றார். முன்னால் போய்க்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "இல்லாமலே இருக்கட்டும்."